“சென்னை மற்றும் புறநகர்ப் பகுதிகளைப் பொறுத்தவரை…”: குளிர்கால வானிலை அறிக்கை, ஒரு மதிப்புரை

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் நாளின் முதல் கேள்வி, விடிவதற்கு முன்பே, அம்மாவிடமிருந்து வரும்: “இன்னிக்கு மழை இருக்காடா?” வாசலில் பதினைந்து புள்ளிக் கோலத்துக்கு உட்காருவதா, நான்கு இழை இழுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவதா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. மடிப்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போய் வரும் எனக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதே கேள்விதான் வேறு வேறு உருவில் நாள் முழுவதும் கூடவே வருகிறது. மழைக்கோட்டை வண்டியில் வைப்பதா, வண்டியையே வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்தில் போவதா, தெருமுனையில் தண்ணீர் தேங்குவதற்குள் திரும்பிவிட முடியுமா என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடும் தினசரி அறிக்கையைக் கடந்த சில குளிர்காலங்களாக, கடையில் வாங்கிய பொருளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதுபோல ஊன்றிப் படித்து வருகிறேன். காசு கொடுத்து வாங்குவதில்லை என்பதால் இதை யாரும் மதிப்புரை எழுதத்தக்க பொருளாகக் கருதுவதில்லை. ஆனால் இந்நகரில் இதைவிட அதிகம் பேர் பயன்படுத்தும், இதைவிட அதிகம் பேர் திட்டும் சேவை வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

பழைமையில் இதற்கு ஈடு குறைவு. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த மதராஸ் வானாய்வகத்தில் தொடங்கிய பதிவு மரபின் வாரிசு இது; இன்றைய மண்டல மையம் 1945-இல் உருவானது. நகரின் வெப்பநிலை என்று நாம் செய்தியில் கேட்பது இன்றும் இரண்டே இடங்களின் அளவுதான்: ஒன்று நுங்கம்பாக்கம், மற்றொன்று விமான நிலையத்தை ஒட்டிய மீனம்பாக்கம். அறிக்கையின் அமைப்பும் பல ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. முதலில் வங்கக்கடலில் என்ன நிலவுகிறது என்ற விளக்கம், பிறகு மாவட்ட வாரியாக அடுத்த சில நாட்களுக்கான மழை வாய்ப்பு, அதன் பிறகு “சென்னை மற்றும் புறநகர்ப் பகுதிகளைப் பொறுத்தவரை” என்று தொடங்கும் இரண்டு மூன்று வரிகள், கடைசியில் பதிவான மழை அளவுகளும் மீனவர்களுக்கான எச்சரிக்கையும். நகரவாசிகளில் பெரும்பாலோர் நடுவில் உள்ள அந்த இரண்டு வரிகளை மட்டும், அதுவும் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்துகளில், படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்த வரிகளின் தமிழைத்தான் நான் முதலில் பாராட்ட வேண்டும், முதலில் குறை சொல்லவும் வேண்டும். “வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்; நகரின் ஒரு சில பகுதிகளில் லேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்புள்ளது” என்பதை வழவழா கொழகொழா பேச்சு என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. “ஓரிரு இடங்களில்” என்றால் அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகலாம் என்று பொருள். “ஒரு சில இடங்களில்” என்றால் கால் பங்கிலிருந்து பாதி வரை. “அநேக இடங்களில்” என்றால் பாதியிலிருந்து முக்கால் வரை. “பெரும்பாலான இடங்களில்” என்றால் அதற்கும் மேல். மழையின் அளவும் அப்படித்தான். லேசான மழை என்பது 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர்; மிதமான மழை 64.4 மில்லிமீட்டர் வரை, அதைத் தாண்டினால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. இந்தக் கணக்குத் தெரிந்த பிறகு அதே இரண்டு வரிகள் வேறு மாதிரி வாசிக்கக் கிடைத்தன. “மிதமான மழை” என்ற சாதுவான சொல்லுக்குள் ஆறு சென்டிமீட்டர் மழை அடங்கும் என்பதும், அந்த ஆறு சென்டிமீட்டரும் ஒரே மணி நேரத்தில் கொட்டினால் எங்கள் தெருவில் கணுக்கால் முழுகும் என்பதும் அப்போதுதான் உறைத்தன. இந்தச் சொற்களுக்கான திறவுகோலை அறிக்கையின் அடியிலேயே தினமும் நான்கு வரிகளில் அச்சிட்டுத் தந்தால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை. அளந்து எழுதியவருக்கும் அசட்டையாகப் படிப்பவருக்கும் நடுவில் அந்த நான்கு வரிகள்தான் இல்லை.

இன்னொரு குழப்பமும் இதே வகையைச் சேர்ந்தது. மழை அளவு காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை கணக்கிடப்படுகிறது. திங்கட்கிழமை மாலை பெய்து அடங்கிய மழை செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் வரும். செவ்வாய்க்கிழமையோ வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். “எங்கே பெய்தது ஏழு சென்டிமீட்டர்?” என்று கேட்பவர்களை நான் அலுவலகத்தில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை இச்சேவைக்கு நல்ல மதிப்பெண் தருவேன். நம்முடைய குளிரைக் குளிர் என்று சொன்னால் வடக்கத்தியர்கள் சிரிப்பார்கள். ஜனவரியில் நுங்கம்பாக்கத்தின் இயல்பான குறைந்தபட்ச வெப்பநிலையே சுமார் 21 டிகிரி செல்சியஸ்தான். ஆனாலும் 20-க்குக் கீழே இறங்கினால் தெருவில் மங்கி குல்லா தென்படும், பால்காரர் மஃப்ளர் சுற்றிக்கொள்வார். அந்த ஓரிரு டிகிரி ஏற்ற இறக்கத்தை அறிக்கை பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறது. வானம் தெளிவாக இருந்து, வடக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கும் இரவுகளில் நிலம் விரைவாகக் குளிர்வதும், மேகம் மூடிய இரவுகளில் வெப்பம் போர்வைக்குள் இருப்பதுபோல் தங்கிவிடுவதும் கணிப்பவர்களுக்கு ஓரளவு கைவந்த பாடம். ஒரே குறை, கடலோரத்துக்கும் உட்பகுதிக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒற்றை எண்ணில் காணாமல் போகிறது. பெசன்ட் நகரில் மின்விசிறி ஓடும் அதே விடியலில் மாதவரம் பக்கம் கம்பளி தேவைப்படும். மாநகராட்சியின் பரப்பு மட்டுமே 426 சதுர கிலோமீட்டர். புறநகரையும் சேர்த்தால் அதைவிடப் பல மடங்கு. இத்தனைக்கும் ஒரே வரி என்பது சிக்கனத்தின் எல்லை.

அந்தச் சிக்கனம் மழை விஷயத்தில்தான் வதைக்கிறது. ஆனால் இங்கே குற்றம் முழுவதையும் அறிக்கையின் மேல் சுமத்துவதும் நியாயமாகாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியோ புயலோ உருவாகி வந்தால் அதை நாட்கணக்கில் முன்பே செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடும். டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் வரும் மழையின் குணம் வேறு. கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. நிலம் இரவில் குளிர்ந்துவிடுகிறது. கிழக்கிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று, கரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல நகரும் குளிர்ந்த காற்றுடன் கடற்கரையை ஒட்டி மோதுகிறது. மோதும் இடத்தில் மேகம் எழும்புகிறது. அந்த மேகக்கூட்டம் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். அது திருவான்மியூரில் கரையேறுமா எண்ணூரில் கரையேறுமா என்பதை 12 கிலோமீட்டர் கட்டங்களாக உலகைப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரியிடம் கேட்பது, மீன் வலையில் கடுகைப் பிடிப்பது போன்றது. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு கட்டத்தின் அளவை 6 கிலோமீட்டராகச் சுருக்கியிருக்கிறது. வலையின் கண் சிறுத்திருக்கிறது. ஆனால் கடுகு கடுகுதான்.

2021 டிசம்பர் 30-ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது விளங்கும். பருவமழை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று நகரம் குடையை மடித்து வைத்திருந்த ஒரு வியாழக்கிழமை அது. காலையில் இருந்த எதிர்பார்ப்பு லேசான, மிதமான மழை. நண்பகலுக்குப் பிறகு கடலிலிருந்து வந்த மழைப்பட்டை கரையின் மேல் அப்படியே நின்றுவிட்டது, எம்.ஆர்.சி. நகர், நுங்கம்பாக்கம் என்று நகரின் நடுப்பகுதியில் சில மணி நேரத்தில் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. சுரங்கப்பாதைகள் மூடப்பட்டன, அலுவலகம் விட்டு வீடு திரும்பியவர்கள் சாலையிலேயே இரவு வரை நின்றார்கள், மின்சாரம் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தபோது மழை ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது. கணினி மாதிரிகள் இதைக் காட்டவில்லை என்று ஆய்வு மையமே ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முன்னறிவிப்புக் கட்டமைப்பை வலுப்படுத்தக் கோரி ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டபோது வேளச்சேரி மேம்பாலத்தின் இருமருங்கிலும் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 15-ஆம் தேதி மழை வந்தது. ஆனால் பயந்து காத்திருந்த 16-ஆம் தேதி மழை மேகங்கள் வடக்கே ஆந்திரப் பக்கம் ஒதுங்கிக்கொள்ள, நகரத்தில் வெயில் எட்டிப் பார்த்தது. மேம்பாலத்துக் கார்களை வைத்து அன்று எத்தனையோ கேலிப்படங்கள் சுற்றின. 2015-ஐயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் தரைத்தளத்தில் இருந்து அனுபவித்த ஒருவன் அந்தக் கேலியில் சேர மாட்டான். வராத மழைக்காகக் காரை நகர்த்தியதில் போனது கொஞ்சம் பெட்ரோல்தான்.

நிறங்களைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்பவை மழையின் நிறங்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அவை நாம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான நிறங்கள்: மஞ்சள் என்றால் தகவல்களைக் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. பச்சைக்கு எச்சரிக்கை ஏதுமில்லை. “மஞ்சள் அலர்ட்! மக்களே உஷார்!” என்று அலறும் தொலைக்காட்சி இதைச் சொல்வதில்லை. இந்த அலறலோடு ஒப்பிடும்போது எஸ்.ஆர். ரமணனின் காலம் நினைவுக்கு வருகிறது. புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்து 2016-இல் ஓய்வுபெற்ற அவர், அலட்டாத குரலில் தாழ்வு மண்டலத்தின் இருப்பிடத்தைச் சொல்லி முடிக்கும்வரை பள்ளிப் பிள்ளைகள் தொலைக்காட்சி முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விடுமுறை அறிவிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, மாவட்ட ஆட்சியருக்குத்தான் உண்டு என்பது வேறு விஷயம்.

இச்சேவையின் மிகச் சிறந்த பகுதி, அதிகம் பேர் தொடாத பகுதி: அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பும், அதற்கு அடிப்படையான ராடார் படமும். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் ஒரு டாப்ளர் ராடார் இயங்குகிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் இன்னொன்று 2022 ஜனவரியில் சேர்ந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் அந்தப் படம் இணையத்தில் எவருக்கும் திறந்தே கிடக்கிறது. கடலின் மேல் நீலமும் பச்சையுமாக மிதப்பவை தூறல். மஞ்சள் கலந்தால் நல்ல மழை. நடுவில் சிவப்புப் பொட்டு தெரிந்தால் மழைக்கோட்டைத் தேட வேண்டும். ஒரே படத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று படங்களைப் பார்த்து, திட்டு கரையை நோக்கி வருகிறதா, தெற்கே வழுக்கிப் போகிறதா, இருந்த இடத்திலேயே பெருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு: படத்தின் ஓரத்தில் உள்ள நேரம் உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளாவிட்டால், இப்போது எடுத்த படத்தை ஏதோ நள்ளிரவுப் படம் என்று நினைத்து மூடிவிடுவீர்கள். நான் அப்படித்தான் ஒரு மாதம் நினைத்தேன். நம் ஊர் மக்களுக்காக நம் ஊர்த் துறைமுகத்திலிருந்து எடுக்கும் படத்தில் நம் ஊர் நேரத்தை முதன்மையாகப் போடுவது பெரிய வேலையாக இருக்காது.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை அரைகுறையாகிவிடும். என் கைப்பேசியோடு கூடவே வந்த ஒரு செயலி (பெயர் வேண்டாம்) மணிவாரியாக, சதவீதக் கணக்கோடு, குட்டிக் குட்டி மேகப் படங்கள் போட்டு மழையைச் சொல்லும். பார்க்க அவ்வளவு திருத்தமாக இருக்கும். சென்ற தை மாதம் ஒரு நாள் பகல் முழுவதும் அது வெறும் சூரியனைக் காட்ட, அதை நம்பி “நல்ல வெயிலும்மா” என்று நான் சொல்ல, அம்மா மொட்டை மாடியில் வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடாம் பிழிந்து வைத்தார். பதினொரு மணிக்கு ஒரு பாட்டம் மழை அடித்தது. பத்து நிமிடம்கூட இருக்காது. ஆனால் வேட்டியோடு ஒட்டிக் கூழாகிக் கிடந்த வடாமுக்கு அது போதும். நான் போய்ப் பார்த்தபோது செயலியில் சூரியன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அப்புறம்தான் ராடார் படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தத் திட்டு காலை ஒன்பதரையிலிருந்தே கடலின் மேல் இருந்திருக்கிறது. உலகம் முழுவதற்கும் ஒரே கணக்கைப் போட்டு, அதை என் தெருவின் பெயரோடு காட்டுவதால் மட்டும் அது என் தெருவுக்கான கணிப்பு ஆகிவிடாது என்பது இப்படித்தான் புரிந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மௌசம் செயலியும், தமிழ்நாடு அரசின் டிஎன் அலர்ட் செயலியும் அழகில் அதனுடன் போட்டியிட முடியாது. எனினும் எச்சரிக்கை என்று வரும்போது அவற்றையே பார்க்கிறேன். இரண்டாவதில் ஏரிகளின் நீர்மட்டமும் கிடைப்பது, அடையாற்றுக் கரையோரத்தில் உறவினர் உள்ளவர்களுக்கு மழை அளவைவிட முக்கியமான தகவல்.

தனியார் கணிப்பாளர்களில் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்றோர் பெற்றிருக்கும் செல்வாக்கு தற்செயலானதல்ல. அவர்கள் பார்ப்பதும் பெரும்பாலும் அதே மாதிரிகள், அதே ராடார் படங்கள்தான். ஆனால் “இந்தப் பட்டை தென் சென்னைக்குள் நுழைகிறது, அரை மணி நேரம் பெய்து நின்றுவிடும்” என்று மக்கள் பேசும் மொழியில், பகுதியின் பெயரைச் சொல்லிப் பேசுகிறார்கள். அரசு அறிக்கை இவ்வளவு துணிச்சலாகப் பேச முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அதன் ஒரு சொல்லில் பள்ளி விடுமுறையும் நீர்த்தேக்க மதகும் படகுகளின் பயணமும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் வட சென்னை, மத்திய சென்னை, தென் சென்னை என்று மூன்றாகப் பிரித்தாவது தினசரி வரியை எழுதலாம்.

பனிமூட்டம் பற்றிய முன்னறிவிப்பு குளிர்காலத்தின் இரண்டாம் பாதியில் முக்கியமாகிறது. “அதிகாலை வேளையில் லேசான பனிமூட்டம் காணப்படும்” என்ற வரி ஜனவரி முழுவதும் அடிக்கடி வருவதால் கண்ணில் படாமலே போய்விடுகிறது. போகியன்று மட்டும் அதைத் தவறவிடக் கூடாது. காற்று அசையாத, ஈரம் மிகுந்த விடியலில் பழைய பாயும் டயரும் எரியும் புகை பனியோடு கலந்து தரையிலேயே தங்கிவிடும். 2018 போகியன்று ஓடுபாதை தெரியாமல் மீனம்பாக்கத்தில் விமானப் போக்குவரத்தே குலைந்தது. அறிக்கை இயற்கைப் பனியைச் சொல்கிறது. நாம் போடும் புகையை அதில் நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

மீனவர்களுக்கான எச்சரிக்கையைக் கடைசியில் வைத்திருந்தாலும் முழு அறிக்கையிலும் தெளிவான பகுதி அதுவே. எந்தக் கடற்பகுதி, எந்தத் தேதி, காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம், இடையிடையே எத்தனை வரை எட்டும், போகலாமா கூடாதா என்று ஐந்துக்கும் பதில் இருக்கிறது. “வாய்ப்புள்ளது” என்று நழுவாமல், “செல்ல வேண்டாம்” என்று முடிகிறது. காசிமேட்டில் அந்த வரியைப் படித்துவிட்டு, அதன் பிறகு வாடைக்காற்றின் போக்கைக் கண்ணாலும் பார்த்துத்தான் படகு இறங்கும். கரையில் இருப்பவர்களுக்கும் அதே கறாரான தமிழில் இரண்டு வரி எழுதினால் இந்தச் சேவைக்கு நான் இன்னும் ஒரு மதிப்பெண் கூட்டித் தருவேன். இப்போதைக்கு, ஐந்துக்கு மூன்றரை: வெப்பநிலைக்கும் கடலுக்கும் முழுதாக நம்பலாம், மழைக்கு முதல் நாள் அறிக்கையை வைத்து மழைக்கோட்டை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ராடாரைப் பார்த்தாக வேண்டும்.

அம்மாவின் கேள்வியும் வடாம் சம்பவத்துக்குப் பிறகு மாறிவிட்டது. மழை இருக்கா என்று இப்போது கேட்பதில்லை. கோலப்பொடி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, என் அறை வாசலில் நின்று, “கடல்மேல பச்சையா ஏதாவது தெரியுதா, பாரு” என்கிறார்.